சீந்தில் காயற வரைக்கும்

மலையடிவாரத்துல ஒரு குடில். சுத்துப்பட்டுல யாருக்கு என்ன குழப்பம் வந்தாலும் அங்க வந்து பேசித் தெளிஞ்சுட்டுப் போவாங்க. அங்க குரு உலகம்மை. வயசு முப்பத்தஞ்சுதான். சிஷ்யை வடிவுக்கு அதைவிடப் பன்னெண்டு வயசு கூட.

அதனால குரு சிஷ்யையை "அக்கா"ம்பா. சிஷ்யை குருவை "அம்மா"ம்பா. சிஷ்யைக்குக் கோவம் வந்தா மட்டும் "ஏட்டி"ன்னு வந்துரும். கோவம் தினமும் வரும்.

வடிவு கோர்ட்டுல டைப் அடிச்சுக்கிட்டு இருந்தவ. வக்கீலுங்க வாதாடுறதைக் கேட்டுக் கேட்டு, ரசத்துல உப்பு கம்மின்னாகூட அவளுக்கு சாட்சியோட நிரூபிக்கணும்.

அந்தக் குடில்ல ஒரு வழக்கம் உண்டு. சும்மா உக்காந்துக்கிட்டு யாரும் கேள்வி கேக்கக் கூடாது. கையில ஒரு வேலை இருக்கணும். புளி கொட்டை எடுத்துக்கிட்டு கேக்கலாம். தண்ணி இறைச்சுக்கிட்டு கேக்கலாம். கை நின்னா பதிலும் நின்னுரும்.

அப்படிப் பாத்தா குடில்ல அதிகமா வேலை செய்றது வடிவுதான்.

"வடிவக்காவுக்கு ஒரு சந்தேகம் வந்தா போதும், எனக்கு ரெண்டு நாள் வேலை மிச்சம்"னு சமையல் பாக்குற இசக்கி சொல்லுவான்.

ஒருநாள் காலையில வடிவு முத்தம் பெருக்கிக்கிட்டு இருந்தா. உலகம்மை வந்து நின்னா.

"அக்கா, கீழப்புதூர்ல இருந்து வந்திருந்தாங்க. அங்கயும் இது மாதிரி ஒரு இடம் வேணுமாம். நீங்க போய் நடத்துங்க."

வெளக்கமாறு நின்னுச்சு.

"யாரு?"

"நீங்க."

"நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"கை நிக்குது."

வடிவு மறுபடியும் பெருக்க ஆரம்பிச்சா. குப்பையோட முத்தமே பேந்து வர்ற மாதிரி பெருக்குனா.

"நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல."

"அப்ப எதுக்கு தண்டனை?"

"தண்டனை இல்ல. வேலை."

"கோர்ட்டுல டிரான்ஸ்பர் போடும்போதும் இதையேதான் சொல்லுவாங்க."

உலகம்மை சிரிச்சா.

"ஏட்டி, சிரிக்காத! அங்க போய் நான் என்னத்தச் சொல்ல? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் நீங்க குடுத்தது. நீங்க பக்கத்துல இருக்கீங்க, நான் பேசுதேன். தனியா நாலு பேரு முன்னால உக்கார வச்சா எனக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிடும்."

"யாருக்கு? உங்களுக்கா?" அடுக்களையில இருந்து இசக்கி எட்டிப் பாத்தான்.

"நீ அடுப்பைப் பாருலே!"

முத்தத்து ஓரத்துல, மதிலை ஒட்டி ஒரு வேப்பமரம். அதுல ஒரு சீந்தில் கொடி ஏறிக் கெடந்துச்சு. கட்டைவிரல் பருமனுக்குத் தண்டு. மேல்தோல் காயிதம் மாதிரி உரிஞ்சு தொங்கும், கீறுனா உள்ள பச்சைப்பசேல்னு இருக்கும். இலை பாக்க வெத்தலை மாதிரி. ஊர்ல யாருக்குக் காச்சல் வந்தாலும் கஷாயத்துக்கு இதுல ஒரு துண்டு வாங்கிட்டுப் போவாங்க. வேம்புல ஏறுன சீந்திலுக்கு கசப்பும் ஜாஸ்தி, மதிப்பும் ஜாஸ்தி. அது மரத்துல ஏறி, கிளை கிளையா ஓடி, மதிலைத் தாண்டி, வெளிய பாதைக்கு மேல நீட்டிக்கிட்டு இருந்த கிளை வரைக்கும் போயிருச்சு.

வடிவு வெளக்கமாத்தாலயே அதைக் காட்டுனா.

"இதைப் பாருங்க. இதால தனியா நிக்க முடியுமா? முடியாது. வேர்ல இருந்து தண்ணி வருது, உசிரு வருது, இலை ஆடுது. நான் இந்தக் கொடி. நீங்க வேர். என்னை அறுத்துக் கொண்டுபோய் கீழப்புதூர்ல போட்டா காஞ்சு கருவாடாயிருவேன். நிரூபிக்கட்டுமா?"

"நிரூபிங்க."

உலகம்மை இப்படிச் சொல்லுவான்னு வடிவு எதிர்பாக்கல. ஆனா சொன்ன வார்த்தையில இருந்து பின்வாங்குற பழக்கம் அவளுக்குக் கெடையாது. விறுவிறுன்னு அடுக்களைக்குப் போய் வெட்டரிவாளை எடுத்துட்டு வந்தா.

அடியில ஒரு வெட்டு. ஒரு முழம் மேல இன்னொரு வெட்டு. நடுத்துண்டு பொத்துனு விழுந்துச்சு. தரைக்கும் கொடிக்கும் நடுவுல இப்ப வெறும் காத்துதான்.

"அடப்பாவி! இனி காச்சக்காரனுக்கு என்னத்தக் குடுப்பேன்?"ன்னு இசக்கி தலையில கைய வச்சான்.

வடிவுக்கு மூச்சு வாங்குச்சு. ஆனா கண்ணு மின்னுச்சு.

"இந்தா, வேர் இல்லாத கொடி. இது காஞ்சு விழற அன்னைக்கு நான் சொன்னது சரின்னு நீங்க ஒத்துக்கிடணும். ஒத்துக்கிட்டு என்னை இங்கயே வச்சுக்கிடணும்."

"காயலன்னா?"

"காயலன்னா அன்னைக்கே மூட்டையக் கட்டுதேன். திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்."

"சரிக்கா"ன்னு சொல்லிட்டு உலகம்மை உள்ள போயிட்டா.

மறுநாள்ல இருந்து வடிவு எந்திரிச்சதும் மூஞ்சி கழுவுதாளோ இல்லையோ, கொடியைப் போய்ப் பாப்பா. இலை துவள ஆரம்பிச்சுச்சு. கொஞ்சம் பழுத்துச்சு. காத்தடிச்சா நாலஞ்சு உதுந்துச்சு. வடிவுக்குத் தலைகால் புரியல.

"இசக்கி! வந்து பாருலே! அந்தக் கிளையில பூராவும் மஞ்ச!"

"ஒரு உசிரு சாவுது, உங்களுக்கு என்னக்கா இம்புட்டு சந்தோசம்?"

"உசிரு இல்லலே. சாட்சி!"

அப்புறம் சாரல் தொடங்குச்சு. மலையில இருந்து பூந்தூத்தல் இறங்கி மரத்தை நனைச்சுக்கிட்டே இருந்துச்சு. இலை உதுர்றது நின்னுபோச்சு. தண்டு இன்னும் பச்சையாத்தான் இருந்துச்சு. வடிவு நகத்தால கீறிப் பாத்தா. ஈரம். இன்னொரு இடத்துல கீறுனா. அங்கயும் ஈரம்.

"சவம், சாவ மாட்டேங்குதே"ன்னு அவ முனங்குறது அடுக்களை வரைக்கும் கேட்டுச்சு.

ஒருநாள் காலையில பாதைப் பக்கம் நீட்டுன கிளையில இருந்து என்னமோ தொங்குச்சு. நூலு மாதிரி.

"பட்டம் அறுந்து மாட்டியிருக்கும்"னான் இசக்கி.

மறுநாள் அது இன்னும் நீளமாயிருந்துச்சு. அறுந்த நூலு வளராதே? வடிவு கதவைத் திறந்து வெளிய ஓடுனா. கிளைக்குக் கீழ நின்னு, எக்கி, ரெண்டு விரலால தொட்டா. சில்லுனு இருந்துச்சு. நுனி இளம்பச்சை. நூலு இல்ல அது.

அடுத்த நிமிஷம் அடுக்களையில ஆட்டுரலுக்கு முன்னால உக்காந்து மாவு ஆட்டிக்கிட்டு இருந்தா. கேள்வி கேக்கணும்ல.

"அம்மா! அம்மா, இங்க வாங்க! உங்க கொடி மோசடி பண்ணுது!"

உலகம்மை வந்தா. "என்ன மோசடி?"

"மேல இருந்து வேர் விடுது! ஆகாசத்துல! வேர்னா மண்ணுக்குள்ள இருக்கணும். இது செல்லாது!"

"அப்படியா?"

"என்ன அப்படியா? எந்த ஊர்ல வேர் மேல இருந்து கீழ வரும்? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இது செல்லாதுன்னு."

"கொடிகிட்ட சொல்லிப் பாருங்கக்கா."

மாவு பொங்கித் தெறிக்கிற வேகத்துல குழவி சுத்துச்சு.

அன்னையில இருந்து வடிவுக்கு வெளிய பாதையோரந்தான் இருப்பு. ஒரு கல்லை இழுத்துப் போட்டுக்கிட்டா. எதிர்க்கட்சிக்காரன் ஓட்டு எண்ணுற இடத்துல கண்ணு வச்சுக்கிட்டு உக்காந்திருப்பான்ல, அந்த மாதிரி. நூலு நாளுக்கு நாள் இறங்குச்சு. காலையில மதிலு உயரத்துல பாத்தா, மறுநாள் அதுக்குக் கீழ.

பாதையில போறவங்க சும்மா போவாங்களா?

ஆட்டுக்காரர் கோயில்பிச்சைதான் மொதல்ல நின்னாரு.

"என்ன தாயி, அண்ணாந்தே கெடக்க? கழுத்து சுளுக்கிக்கிடாதா?"

"வேர் வருது. பாரும்."

"வேரா? மேல இருந்தா?" அவரும் அண்ணாந்து பாத்தாரு. "கீழ என்ன இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"சும்மா நின்னுக்கிட்டு கேள்வி கேக்காதீரும். கையில ஏதாவது வேலை வச்சிருக்கீரா?"

அவரு மடியில இருந்த கத்தாழை நாரை எடுத்தாரு. கயிறு திரிச்சுக்கிட்டே கேட்டாரு.

"சரி, இப்பச் சொல்லு. அதுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. தெரிஞ்சுக்கிட்டுத்தான் கிளம்பணுமா? தெரியாமத்தான் வருது."

"தெரியாம வந்தா பாறையில போய் முட்டுமே?"

"முட்டும். முட்டுனா பக்கத்துல தேடும்!"

"தேடிக் கெடைக்கலன்னா?"

"வே, நீரு என்ன அதோட எதிர்க்கட்சி வக்கீலா?"

"நீதானே தாயி அதுக்கு எதிர்க்கட்சி?"

வடிவு கோயில்பிச்சை போற வரைக்கும் அவரைத் திட்டுனா. அவரு மறுநாளும் அதே நேரத்துக்கு கயித்தோட வந்தாரு. வரும்போது விறகு கட்டிட்டுப் போற பொம்பளையாளு ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்தாரு.

"இந்தக்காதான். இதுகிட்டக் கேளுங்க, பிச்சு எடுத்துரும்."

அவளுகளுக்கு வேர் பத்தி ஒரு சந்தேகமும் இல்ல. ஒருத்தி, மாமியாகிட்ட எப்பப் பேசணும், எப்பப் பேசாம இருக்கணும்னு கேட்டா. சுள்ளி ஒடிச்சுக்கிட்டுத்தான் கேட்டா. வடிவு அவளைக் குறுக்கு விசாரணை பண்ணி, மாமியா பக்கத்து நியாயத்தை அவ வாயாலயே சொல்ல வச்சு, அப்புறம் அவ பக்கத்து நியாயத்தை மாமியா குரல்ல சொல்லி, அவளைச் சிரிக்க வச்சுத்தான் விட்டா.

இப்படியே கல்லைச் சுத்தி ஆளு கூடுச்சு. ஒருத்தி கீரை ஆஞ்சுக்கிட்டு, ஒருத்தன் பெட்டி முடைஞ்சுக்கிட்டு. பாதையே மறைஞ்சுபோச்சு. வடிவு கத்துற சத்தம் மதிலுக்கு உள்ள கேக்கும். அவங்க திருப்பிக் கத்துறதும் கேக்கும்.

"வடிவக்கா யாருகிட்டயோ சண்டை போடுது. போய் விலக்கி விடட்டா?"ன்னு இசக்கி கேட்டான்.

"நீங்க காய் நறுக்குங்க"ன்னா உலகம்மை.

சாரல் ரெண்டு நாள் விட்டுச்சு. வெயில் சுள்ளுனு அடிச்சுச்சு. நூலு அப்ப வடிவோட இடுப்பு உயரத்துக்கு வந்திருந்துச்சு. நுனி வாடி லேசாச் சுருண்டுச்சு.

வடிவு எந்திரிச்சா. உக்காந்தா. மறுபடியும் எந்திரிச்சா. உள்ள போய் ஒரு செம்புல தண்ணி எடுத்துட்டு வந்து, கையில தொட்டு நுனி மேல தெளிச்சா.

"தாயி, அது வாடுனாத்தான நீ ஜெயிக்க?"ன்னாரு கோயில்பிச்சை. அவளோட பந்தயம் அதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிருந்துச்சு.

"விசாரணை ஒழுங்கா நடக்கணும்ல. வெயில்ல செத்துச்சுன்னா அதுவும் ஒரு தீர்ப்பா?"

"ஓ, சரி சரி"ன்னு அவரு கயித்தைப் பாத்துக்கிட்டே சிரிச்சாரு.

மறுநாள் மத்தியானம், எல்லாரும் ஏதோ ஒரு விவாதத்துல இருக்கும்போது, கோயில்பிச்சையோட கருப்புக் கிடா மெதுவா நடந்து வந்துச்சு. நூலு காத்துல ஆடுச்சு. கிடா அதை மோந்து பாத்துச்சு. நாக்கை நீட்டுச்சு.

வடிவுதான் மொதல்ல பாத்தா. அவளுக்கும் கிடாவுக்கும் நாலு எட்டுதான்.

அவ ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா உக்காந்திருந்தாப் போதும். ஒரே கடி. நூலு போச்சு. கொடி காயும். வடிவு ஜெயிப்பா. குடில்லயே இருக்கலாம், காலம் பூராவும். யாரும் அவளைக் குத்தம் சொல்ல முடியாது. ஆடு மேயும், அதுக்கு என்ன சட்டம்?

கிடா வாயைத் தொறந்துச்சு.

"ஏய்ய்ய்!"

வடிவு பாஞ்ச பாய்ச்சல்ல கல்லே உருண்டுச்சு. கிடாவோட கொம்பை ரெண்டு கையாலயும் பிடிச்சா. கிடா முட்டித் தள்ளுச்சு. அவ புழுதியில விழுந்தா, கொம்பை விடல. கிடாவுக்கும் அவளுக்கும் மல்யுத்தமே நடந்துச்சு. எல்லாரும் எந்திரிச்சுக் கத்துறாங்க. கோயில்பிச்சை ஓடிவந்து கிடாவை இழுத்தாரு.

"உம்ம கிடாவை இன்னொரு தடவை இந்தப் பக்கம் பாத்தேன், குழம்புதான்!" வடிவோட சேலையெல்லாம் புழுதி. நெத்தியில ரத்தம். "நூலு இருக்கா? பாருங்கடி, நூலு இருக்கா?"

"இருக்குக்கா! இருக்கு!"

அன்னைக்குச் சாயங்காலமே உடைமரத்து முள்ளு வெட்டிட்டு வந்து சுத்தி வேலி போட்டா. கீழ மண்ணைக் கொத்தி இளக்கி விட்டா. இந்தத் தடவை கோயில்பிச்சை ஒண்ணும் கேக்கல. அவளும் விசாரணை, தீர்ப்புன்னு ஒண்ணும் சொல்லல.

சாரல் திரும்ப வந்துச்சு. நூலு ஒரு சாண் உயரத்துல நின்னுச்சு. அப்புறம் நாலு விரக்கடை. அப்புறம் ஒரு விரக்கடை. ஆளுக வேலைக்குப் போறதுக்கு முன்னால வந்து பாத்துட்டுப் போனாங்க. போற வழியில நின்னு வர்றவங்ககிட்ட சொன்னாங்க. காத்தடிச்சா எல்லாரும் சேந்து காத்தைத் திட்டுனாங்க.

ஒருநாள் விடிஞ்சு கொஞ்ச நேரத்துல பாதையில ஒரே கூச்சல்.

"தொட்டுருச்சு! தொட்டுருச்சு!"

வடிவு மண்டி போட்டு, கன்னம் மண்ணுல படுற மாதிரி குனிஞ்சு பாத்தா. நுனி மண்ணுக்குள்ள இறங்கியிருந்துச்சு. லேசா, ரொம்ப லேசா, சுண்டு விரலால அசைச்சுப் பாத்தா. வரல. பிடிச்சிருந்துச்சு.

அவ அப்படியே உக்காந்து சிரிச்சா. கண்ணுல தண்ணி வர வர சிரிச்சா. விறகுக்காரப் பொம்பளையாளுக குலவை போட்டாங்க. இசக்கி கரண்டியோட ஓடிவந்தான்.

கூச்சல் கேட்டு உலகம்மை கதவைத் தாண்டி வெளிய வந்தா. கூட்டம் விலகி வழி விட்டுச்சு.

வடிவு வேலி முள்ளைச் சரி பண்ணிக்கிட்டே நிமிந்து பாத்தா.

"தோத்துட்டேம்மா."

"சரிக்கா."

"இன்னைக்கே மூட்டை கட்டிருதேன். சொன்னா சொன்னதுதான்."

"சரி."

"கீழப்புதூருக்கு நடந்து போனா எம்புட்டு நேரமாகும்?"

"மத்தியானச் சோத்துக்குப் போயிரலாம்."

"நான் வந்து பாத்துக்கிடுதேன் தாயி, இதுகிட்ட எதையும் அண்ட விட மாட்டேன்"னாரு கோயில்பிச்சை.

"உம்ம கிடாவைக் கட்டிப் போட்டுட்டு வாரும்!"

எல்லாரும் சிரிச்சாங்க. வடிவு சிரிக்கல. அவ கை முள்ளை விட்டு நகரல. ஆனா கண்ணு மேல கிளையைப் பாத்துச்சு, அப்புறம் மதிலைப் பாத்துச்சு, அப்புறம் குருவைப் பாத்துச்சு. அவ நெத்தி சுருங்குறதைப் பாத்து இசக்கி ரெண்டு எட்டு பின்னால போனான்.

"இருங்க. எனக்கு ஒரு கணக்கு உதைக்குது."

"கேளுங்க."

"வேரை நான் அறுத்தேன். எல்லாரும் பாத்தாங்க. இந்த வேர் இன்னைக்குத்தான் மண்ணைத் தொட்டிருக்கு. நடுவுல இம்புட்டு நாளு கீழ இருந்து ஒண்ணுமே போகல. நீங்களும் வந்து எட்டிப் பாக்கல. அப்ப இந்த நூலை இம்புட்டு நீளத்துக்கு வளத்தது யாரு? இதுக்கு யாரு சோறு போட்டா?"

உலகம்மை அண்ணாந்து பாத்தா. பழுத்தது போக மிச்சம் இருந்த இலையெல்லாம் சாரல்ல நனைஞ்சு மினுங்கிக்கிட்டு இருந்துச்சு.

"வேர் இருந்தப்பயும் சோறு போட்டது அந்த இலைதான்க்கா."